ஊரின் சேமிப்பும் ஊரின் திட்டமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது நெய்யாற்றின்கரை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 70,000 பேர் வாழும் நகராட்சி அது. தலைநகருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர், தமிழகத்துக் காய்கறிகளை விற்கும் வணிகர்கள், வாழையும் மரவள்ளியும் பயிரிடும் விவசாயிகள், தையற்கூடமும் பட்டறையும் நடத்துவோர் எனப் பலதரப்பினரும் கூடும் சந்தை நகரம். கேரளத்தின் புறநகர்ப் பகுதிகளில் இதனை ஒத்த நகரங்கள் பல உள்ளன.

இத்தகைய நகரம் ஒவ்வொன்றிலும் இரண்டு கணக்குகள் எழுதப்படுகின்றன. ஒன்று, நகராட்சி மன்றத்தின் ஆண்டுத் திட்டம். சாலை, வடிகால், தெருவிளக்கு, குடிநீர் என அதன் பக்கங்கள் நிரம்புகின்றன. மற்றொன்று, வங்கிக் கிளைகளின் வைப்புக் கணக்கு. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் தொகையும் கடைகளின் அன்றாட வரவும் அங்கே சேர்கின்றன. ஊரின் எதிர்காலம் இவ்விரு கணக்குகளையும் சார்ந்தது. ஆயினும் இரண்டையும் அருகருகே விரித்துவைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அவ்வழக்கத்தை ஏற்படுத்தாமல் உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி குறித்துப் பேசுவதால் பெரும்பயன் இல்லை என்பதே நமது கருத்து.

பலராமபுரம் காட்டும் வழி

நெய்யாற்றின்கரைக்கும் தலைநகருக்கும் இடையே உள்ளது பலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராம வர்மாவின் பெயரால் அமைந்த ஊர். திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தென்தமிழகத்திலிருந்து சாலிய நெசவாளர்கள் அழைத்துவரப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கென்று தெருக்கள் வகுக்கப்பட்டன. அவர்கள் நெய்த துணியை அரண்மனை வாங்கிக்கொண்டது. குழித்தறியில் நெய்யப்படும் பலராமபுரம் மெல்லிய பருத்தித் துணிகள் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஏற்பாட்டில் ஒரு திட்டத்தின் இலக்கணம் அடங்கியிருக்கிறது. கைத்திறன், இடம், சந்தை, ஆதரவு ஆகிய நான்கும் ஒருசேரச் சிந்திக்கப்பட்டன. தறிக்கு மட்டும் உதவி செய்து துணியை விற்கும் வழியை நெசவாளரிடமே விட்டிருந்தால் அத்தெருக்கள் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. பள்ளி மாணவர்களுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கும் கேரள அரசின் திட்டம் அண்மைக் காலத்தில் பல தறிகளை மீண்டும் ஓடச் செய்தது. உறுதியான சந்தை கிடைத்ததே அதற்குக் காரணம். அச்சந்தையிலிருந்து கூலி காலத்தே வந்து சேராவிடில் நெசவாளர் வாங்கிய கடனின் தவணையும் தவறும். கடனும் சந்தையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

திட்டமிடும் உரிமை

அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல் அவற்றுள் ஒன்று. இதனை மிகுந்த முனைப்போடு செயற்படுத்திய மாநிலம் கேரளம். 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. கேரளத்தில் ஒரு லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு சபைகள் உள்ளன; வார்டின் வாக்காளர் அனைவரும் அவற்றின் உறுப்பினர்கள்.

இந்த இயக்கம் வீடு, கழிப்பறை, குடிநீர், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் கண்ட முன்னேற்றம் பாராட்டுக்குரியது. உற்பத்தித் துறையில் அதே அளவு வெற்றி கிட்டவில்லை என்பதை அதனைப் போற்றுவோரும் ஒப்புக்கொள்வர். காரணம் எளிது. சாலையை நகராட்சி தன் நிதியிலேயே அமைத்துவிடலாம். ஆனால் ஒரு பட்டறை ஐந்து பேருக்கு வேலை தருவதற்கு மானியம் போதாது. நடைமுறை மூலதனம் வேண்டும். அது வங்கியிடம் இருக்கிறது.

வங்கிகளின் திட்டம்

வங்கிகளும் திட்டமிடாமல் இல்லை. 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முன்னோடி வங்கித் திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுதோறும் கடன் திட்டம் வகுக்கப்படுகிறது. நபார்டு வங்கி மாவட்டத்தின் கடன் வாய்ப்புகளை மதிப்பிட்டு அறிக்கை தருகிறது. ஆனால் இவ்வமைப்பின் அடித்தள அலகு வட்டாரம். வட்டாரம் என்பது ஊராட்சிகளின் தொகுப்பு. நகராட்சி தனித்து நிற்கிறது. ஆகவே, சிறு நகரத்தின் தேவைகள் மாவட்டக் கணக்கின் பெருந்தொகைக்குள் கரைந்துபோக வாய்ப்பு மிகுதி.

கடன்–வைப்பு விகிதத்தையும் இங்கே கருத வேண்டும். நூறு ரூபாய் வைப்புக்கு எத்தனை ரூபாய் கடனாக அப்பகுதிக்குத் திரும்புகிறது என்பதே அவ்விகிதம். ஊரகக் கிளைகளும் சிறு நகரக் கிளைகளும் 60 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது நெடுங்காலமாக வலியுறுத்தப்படும் அளவு. அந்த எண்ணை மட்டும் கண்டு நிறைவடைதல் போதாது. திரும்பி வரும் கடனில் நகைக்கடனும் நுகர்வுக்கடனும் எவ்வளவு, தொழிலுக்குச் சென்றது எவ்வளவு என்றும் பிரித்துப் பார்த்தால்தான் ஊரின் உண்மை நிலை புலப்படும். நகைக்கடன் அவசரத்துக்கு உதவும் அருமையான ஏற்பாடு. ஆயினும் ஓர் ஊரின் கடன் முழுதும் நகைப்பெட்டியையே நம்பியிருந்தால் அங்கே தொழில் வளர்கிறது என்று சொல்ல இயலாது.

இணைந்து செய்தவை

நகராட்சியும் வங்கியும் இணைந்து செயற்பட்டால் பயன் கிடைக்கும் என்பதற்குச் சான்றுகள் நம் கண்முன்னே உள்ளன. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வணிகரை அடையாளம் கண்டு சான்று அளித்தது நகராட்சி. பிணையின்றி முதற்கடனாக 10,000 ரூபாய் வழங்கியது வங்கி. முறையாகத் திருப்பிச் செலுத்தியவர் அடுத்த கட்டத்தில் கூடுதல் தொகை பெறத் தகுதி பெற்றார். தள்ளுவண்டிக்காரரை நகராட்சி அறியும். ஆனால் அதனிடம் கடன் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. வங்கியிடம் கடன் உண்டு. ஆனால் அவரை அது அறியாது. இருவரையும் ஒரு தாள் இணைத்தது.

1998ஆம் ஆண்டு தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கமும் அவ்வாறே. அயல்கூட்டத்தில் பெண்கள் சேமிக்கின்றனர். வார்டு அளவிலும் நகராட்சி அளவிலும் அவர்களுடைய அமைப்புகள் இயங்குகின்றன. வங்கிகள் அவர்களுக்குக் கடன் வழங்குகின்றன. ஒருவரையொருவர் அறிந்த கூட்டத்தின் ஒழுங்கே அங்கே பிணையாக நிற்கிறது.

இப்போது ஏன்?

அருகிலுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் வரும் இடத்தைச் சுற்றிக் கிடங்கு, வாகனப் பழுதுபார்ப்பு, உணவகம், தங்கும் விடுதி, சிப்பம் கட்டும் தொழில் எனப் பல தேவைகள் எழும். அவற்றை நிறைவுசெய்யப்போவது நெய்யாற்றின்கரையின் இளைஞர்களா, வெளியிலிருந்து வரும் முதலீட்டாளர்களா? திட்டமில்லாத ஊரில் முதலில் உயர்வது நிலத்தின் விலை. நிலத்தை விற்றவருக்கு ஒருமுறை பணம் கிடைக்கும். தொழில் தொடங்கியவருக்கோ ஆண்டுதோறும் வருமானம் கிடைக்கும். கேரளத்தின் 14ஆம் ஐந்தாண்டுத் திட்டக்காலம் 2027 மார்ச்சில் நிறைவடையும் நிலையில், அடுத்த திட்டத்துக்கான சிந்தனையை இன்றே தொடங்குவது நலம்.

ஓர் ஐயமும் விடையும்

வைப்புத்தொகை மக்களின் பணம். அதனை யாருக்குக் கடனாகத் தருவது என்பதை மன்றமும் வார்டு சபையும் தீர்மானிக்கலாமா என்று வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. நியாயமான கேள்வி. அரசியல் மேடைகளில் கடன் வழங்கப்பட்ட காலத்தின் கசப்பை வங்கித்துறை மறக்கவில்லை. யாருக்குக் கடன் என்பதை வங்கியே முடிவுசெய்ய வேண்டும். அதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை.

நாம் வேண்டுவது வேறு. கடன் வாங்கியவர் திருப்பிச் செலுத்த ஏதுவான பொதுவசதியை நகராட்சி உருவாக்கட்டும். நெசவாளருக்குக் கழிவுநீர் சுத்திகரிப்புடன் கூடிய பொதுச் சாயக்கூடம், காய்கறி வணிகருக்குச் சந்தையில் குளிர்பதனக் கிடங்கு, லாரிகளுக்கு ஒழுங்கான நிறுத்துமிடம் போன்றவற்றைத் தனியொருவர் கடன் வாங்கி அமைக்க முடியாது. அவை அமைந்துவிட்டால் தனியொருவர் வாங்கும் சிறுகடனின் இடர் குறையும். அதாவது, நல்ல திட்டம் வைப்புதாரரின் பணத்துக்குப் பாதுகாப்பைக் கூட்டுகிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆண்டுக்கு இருமுறை நகராட்சித் தலைவரும் ஊரிலுள்ள கிளை மேலாளர்களும் குடும்பஸ்ரீ, வணிகர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். நகராட்சி தன் திட்டப் பட்டியலையும் வங்கிகள் தொழில்வாரியான கடன் விவரத்தையும் கொண்டுவரட்டும். எந்த வாடிக்கையாளரின் பெயரும் அதில் வேண்டியதில்லை; மொத்தத் தொகைகளே போதும்.

வாடிக்கையாளர்களாகிய நாம் அனைவரும் ஏதோ ஒரு வார்டின் வாக்காளர்களும் ஆவோம். அடுத்த வார்டு சபைக் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றிக் கேட்பதோடு, இவ்வாண்டுத் திட்டத்தால் நம் வார்டில் எத்தனை தொழில்கள் தொடங்கப்படும் என்றும் கேட்போம். கிளைக்குச் செல்லும்போது வைப்புக்கு எவ்வளவு வட்டி என்று விசாரிப்பதோடு, நம் ஊரின் சிறுதொழில்களுக்கு இக்கிளை எவ்வளவு கடன் வழங்கியுள்ளது என்றும் விசாரிப்போம். இவ்விரு கேள்விகளும் தொடர்ந்து எழும் ஊரில், இரண்டு கணக்குகளும் நெடுநாள் தனித்தனியே இருக்க முடியாது.