பொற்காலத்தின் பில்லைக் கட்டியது யார்?

குழந்தைகளையும் திரையையும் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் சுத்தமானவை. அன்பையும் அறிவையும் மட்டுமே ஊட்டின. பிறகு பொம்மைக் கம்பெனிகள் நுழைந்தன, அடிதடி நுழைந்தது, கண்மண் தெரியாத வேகம் நுழைந்தது, பிள்ளைகள் கெட்டுப்போனார்கள். சென்னையில் இதைச் சொல்பவர் தூர்தர்ஷனை நினைத்துக்கொள்கிறார், அமெரிக்கர் 1950களை. நான் அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். நாம் பார்த்து வளர்ந்தவற்றில் பல அங்கே தயாரானவை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கும் அங்கேதான் பதிவாகிக் கிடக்கிறது.

முதலில் கார்ட்டூன். அது குழந்தைகளுக்காகவே பிறந்த கலை, வேண்டாததெல்லாம் பிற்பாடு கலந்தது என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கக் கார்ட்டூன்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் தியேட்டரில் ஓடியவை. மெயின் படத்துக்கு முன்னால், செய்திப் படத்தோடு சேர்த்து, ஏழெட்டு நிமிடத் துண்டாகக் காட்டுவார்கள். டிக்கெட் வாங்கிய பெரியவர்களும் சிரிக்க வேண்டும் என்பதே கணக்கு. ஃபிளைஷர் ஸ்டூடியோ 1930இல் கொண்டுவந்த பெட்டி பூப் குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு கண்ணடித்த பெண். 1934இல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகிய பிறகுதான் அந்தப் பாவாடை நீண்டது. 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெர்ரி வரிசையில், 1956இல் வந்த ஒரு படம் எப்படி முடிகிறது தெரியுமா? காதலில் தோற்ற பூனையும் எலியும் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலுக்காகக் காத்திருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தையை மனத்தில் வைத்து யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

டாம் அண்ட் ஜெர்ரியைத் தயாரித்துவந்த எம்.ஜி.எம். நிறுவனம் 1957இல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. வேலை போன வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். தியேட்டர் படத்துக்குக் கிடைத்த பணத்தில் ஒரு சிறு பங்குதான் அங்கே கிடைத்தது. அதனால் உடம்பை அசையாமல் வைத்து, தலையை மட்டும் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். யோகி கரடியின் கழுத்தில் டை இருப்பது அழகுக்காக இல்லை, தலையும் உடம்பும் சேரும் கோட்டை மறைக்க. அவர்களுடைய ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ 1960இல் வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது வின்ஸ்டன் சிகரெட். ஃபிரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் நின்று நிம்மதியாகப் புகைவிடும் விளம்பரம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கார்ட்டூன் என்றால் குழந்தைச் சமாச்சாரம் என்ற முத்திரை அழுத்தமாக விழுந்தது அதற்குப் பிறகு. பெரியவர்கள் தூங்கும் சனிக்கிழமைக் காலையை மலிவான படங்களால் நிரப்பலாம் என்று சேனல்கள் கண்டுகொண்டதன் விளைவு அது.

அடுத்தது, வியாபாரம் பிற்பாடு வந்தது என்ற வாதம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் ஒரு பாதி உண்மை உண்டு. 1940களின் இறுதியிலும் 50களின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரதாரர் இல்லாத குழந்தைகள் நிகழ்ச்சிகள் நிறையவே இருந்தன. மாலை நேரம், நல்ல கலைஞர்கள், அவசரமில்லாத நடை. பொற்காலம் என்று ஏங்குகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிகளை ஏன் சும்மா கொடுத்தார்கள் என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை.

1950இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு ஒன்பதில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. என்.பி.சி. சேனலின் உரிமையாளரான ஆர்.சி.ஏ. நிறுவனமே பெட்டியும் செய்து விற்றது. பெட்டி விற்க வேண்டுமானால் அப்பாவை நச்சரிக்க ஆள் வேண்டும். சிகாகோவில் பர் டில்ஸ்ட்ராமின் கைப்பொம்மைகளோடு 1947இல் தொடங்கிய ‘குக்ளா, ஃபிரான் அண்ட் ஆலி’ அப்படி ஆர்.சி.ஏ. ஆதரவில் வளர்ந்த நிகழ்ச்சி. அதே 1950இன் நவம்பரில் பெட்டி தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்து அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். வீட்டில் தொலைக்காட்சி இல்லாத பிள்ளை பள்ளியில் கூனிக் குறுகி நிற்கிறது, அந்த வேதனையை உங்களிடம் சொல்லவும் மாட்டேன் என்கிறது என்பது அதன் சாரம். குழந்தை வளர்ப்புப் பத்தி எழுதிவந்த ஒரு பிரபலத்தின் பெயரும் அதில் இருந்தது. பெற்றோர் கொதித்துப்போனார்கள். சுத்தமான காலம் என்று நாம் சொல்லும் காலத்தின் வாசலிலேயே நடந்தது இது.

1960க்குள் நூற்றுக்கு எண்பத்தேழு வீடுகளுக்குப் பெட்டி வந்துவிட்டது. இனி குழந்தையைக் காட்டி விற்க வேண்டிய பெட்டி அதிகம் மிச்சமில்லை. நல்ல நேரங்கள் பெரியவர்களுக்குப் போயின. ‘குக்ளா, ஃபிரான் அண்ட் ஆலி’க்கு 1951லேயே அரை மணி கால் மணியாகச் சுருங்கியது. யாரும் யாரையும் கெடுக்கவில்லை. சரக்கு விற்றுத் தீர்ந்தது, கடையின் முன் வைத்திருந்த பொம்மையை எடுத்து உள்ளே வைத்தார்கள், அவ்வளவுதான்.

கடையில் விற்கும் பொம்மைக்கும் அன்றே சண்டை நடந்தது. 1947 டிசம்பரில் என்.பி.சி.யில் தொடங்கிய ‘ஹௌடி டூடி’ ஒரு கயிற்றுப் பொம்மையின் நிகழ்ச்சி. மறு வருடமே கடைகளில் ஹௌடி டூடி பொம்மை விற்கும் பேச்சு வந்தது. அந்தப் பொம்மையைச் செய்த ஃபிராங்க் பாரிஸ், அந்த வருமானத்தில் தன் பங்கைக் கேட்டார். தகராறு முற்றியது. அவர் பொம்மையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாயகனே இல்லாத நிகழ்ச்சியை எப்படி நடத்துவது? ஹௌடி அதிபர் தேர்தல் பிரசாரத்துக்குப் போயிருக்கிறான் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். புதுப் பொம்மை வேறு முகத்தோடு வந்தபோது, பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டான் என்று சமாளித்தார்கள். அந்தச் சமயோசிதத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

1955இல் டிஸ்னியின் ‘மிக்கி மௌஸ் கிளப்’ தொடங்கியது. வால்ட் டிஸ்னிக்கு ஏ.பி.சி. சேனலோடு உறவு ஏற்பட்டதே, டிஸ்னிலேண்ட் கட்டப் பணம் தேவைப்பட்டதால். மட்டெல் என்ற சின்னப் பொம்மை நிறுவனம், ஏறக்குறைய தன் மொத்த மதிப்பையே பணயம் வைத்து, 5 லட்சம் டாலர் கொடுத்து 52 வாரத்துக்கு விளம்பர நேரம் வாங்கியது. அதுவரை பொம்மை விளம்பரம் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சில வாரங்கள்தான், அதுவும் பெற்றோரைப் பார்த்து. மட்டெல் வருடம் முழுவதும் குழந்தையிடமே நேராகப் பேசியது. விற்றது என்ன? பொம்மைத் துப்பாக்கி. கிறிஸ்துமஸுக்குள் கடைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜப்பானிலும் இதே கதைதான். 1963இல் ஒசாமு தெசூகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ வரிசையைச் செலவுக்கும் குறைந்த விலைக்கு விற்றார். மெய்ஜி மிட்டாய்க் கம்பெனி சாக்லேட்டோடு ஸ்டிக்கர் கொடுத்தது. நஷ்டத்தை ஈடுகட்டியது பொம்மை, ஸ்டிக்கர் வகையறா வருமானம்.

வன்முறை ஏறிக்கொண்டே போகிறது என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அரசியல் கொலைகள் நடந்து, பெற்றோர் எதிர்ப்பும் வலுத்தபோது, சனிக்கிழமைக் காலையின் சாகசக் கார்ட்டூன்கள் பலவற்றைச் சேனல்கள் கைகழுவின. 1975இல் தொலைக்காட்சிக்கென்றே எடுத்த டாம் அண்ட் ஜெர்ரியில் இருவரும் நண்பர்கள். ஜெர்ரி சிவப்பு வில்-டை கட்டிக்கொண்டு டாமோடு ஊர் சுற்றுகிறது. பார்க்கச் சகிக்காது, ஆனால் ஒரு அடி கிடையாது. பழைய தியேட்டர் படங்களின் வேறொரு அழுக்கையும் நினைவேக்கம் பேசுவதில்லை. கறுப்பின மக்களை இழிவாகக் காட்டியதற்காக வார்னர் பிரதர்ஸின் 11 கார்ட்டூன்கள் 1968இல் ஒளிபரப்பிலிருந்தே விலக்கப்பட்டன. திரை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற கவலையும் தொலைக்காட்சியோடு பிறந்ததில்லை. அமெரிக்காவில் சினிமாவும் குழந்தைகளும் பற்றிய பெரிய ஆய்வு வரிசை 1933இல் வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1927-28இல், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்திய சினிமாவைப் பற்றி ஒரு குழு நாடெங்கும் சாட்சியம் கேட்டுத் திரிந்திருக்கிறது.

வேகமான காட்சிகள் கவனத்தைச் சிதறடிக்கின்றன என்பது கொஞ்சம் கனமான வாதம். இதில் வழக்கமாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பது ‘செஸமி ஸ்ட்ரீட்’. 1969 நவம்பரில் அதைத் தொடங்கிய ஜோன் கான்ஸ் கூனி, பீர் விளம்பரப் பாட்டையெல்லாம் வாண்டுகள் மனப்பாடமாகப் பாடுவதைக் கவனித்தவர். அதே உத்தியில் எழுத்தையும் எண்ணையும் விற்றால் என்ன என்பதுதான் அவர் யோசனை. பள்ளிப் படிப்பே கேளிக்கையாகிவிட்டது என்று ஊடக விமர்சகர் நீல் போஸ்ட்மன் போன்றவர்கள் சாடினார்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சன் குழு, பிள்ளைகளை இழுப்பது வேகம்தானா என்று சோதித்துப் பார்த்தது. காட்சிகளின் வரிசையைக் கலைத்தும், பேச்சைத் தலைகீழாக ஓட்டியும் காட்டினார்கள். வேகமும் வண்ணமும் மாறவில்லை, அர்த்தம் மட்டும் போய்விட்டது. பிள்ளைகள் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இன்னொரு சோதனையில், அறையில் விளையாட்டுச் சாமான் வைக்கப்பட்ட பிள்ளைகள் பாதி நேரம்கூடத் திரையைப் பார்க்கவில்லை. ஆனாலும், கண் எடுக்காமல் பார்த்த பிள்ளைகள் அளவுக்கே அவர்களுக்கும் விஷயம் புரிந்திருந்தது. எப்போது தலையைத் தூக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே தெரிகிறது. திரை இழுத்த இழுப்புக்குப் போகிற ஜடம் என்று குழந்தையை நினைப்பது பெரியவர்களின் கற்பனை.

எதிர்த்தரப்பிடமும் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2011இல் வந்த ஓர் ஆய்வில், ஒன்பது நிமிடம் ‘ஸ்பாஞ்ச்பாப்’ பார்த்த நாலு வயதுப் பிள்ளைகள், உடனே வைத்த பொறுமை, கட்டுப்பாடு போன்ற சோதனைகளில், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிடப் பின்தங்கினார்கள். அதை மறுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அது அறுபது பிள்ளைகளிடம், பார்த்து முடித்த கையோடு அளந்தது. அதிலிருந்து ஒரு தலைமுறையே பாழ் என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் மறுக்கிறேன்.

இனி நம் வீட்டுக் கூடம். சென்னைத் தொலைக்காட்சியின் ‘கண்மணிப் பூங்கா’ பற்றி நல்ல நினைவு வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரியிலேயே வந்துவிட்டது. நாம் வாயைப் பிளந்து பார்த்த ‘ஹி-மேன்’, அதே மட்டெல் 1982இல் கடைக்குக் கொண்டுவந்த பொம்மைகளை விற்பதற்காக 1983இல் எடுக்கப்பட்ட தொடர். கடைசி நிமிடத்தில் ஒரு நீதி சொல்வார்கள், பெற்றோரின் வாயை அடைக்க. மோக்லியின் ‘ஜங்கிள் புக்’ ஜப்பானியத் தயாரிப்பு. ‘சக்திமான்’ பார்லே பிஸ்கட்டோடு வந்தான். வாரத்துக்குக் கொஞ்ச நேரம் மட்டுமே கிடைத்ததால் நாக்கில் அந்தச் சுவை தங்கிவிட்டது. 2007இல் சுட்டி டிவி வந்து டோராவும் ஜாக்கி சானும் நாளெல்லாம் தமிழில் பேசத் தொடங்கியபோது வளர்ந்த பிள்ளைகள், இப்போது அதையே பொற்காலம் என்கிறார்கள். அவர்களும் ஏமாளிகள் இல்லை, பத்து வயதில் பார்த்தது யாருக்கும் இனிக்கும்.

அப்படியானால் நல்ல நிகழ்ச்சி எப்போதுமே வந்ததில்லையா? வந்தது. விற்க எதுவும் இல்லாத ஒருவர் பணம் கொடுத்தபோதும், சட்டம் கழுத்தைப் பிடித்தபோதும் வந்தது. ‘செஸமி ஸ்ட்ரீட்’டின் முதல் 80 லட்சம் டாலரில் ஏறக்குறைய பாதி அமெரிக்க அரசுப் பணம், மீதி கார்னகி, ஃபோர்டு போன்ற அறக்கட்டளைகளுடையது. பெக்கி சாரன் என்ற இல்லத்தரசி 1968இல் மாசசூசெட்ஸில் சில தாய்மார்களோடு தொடங்கிய அமைப்பு நல்ல நிகழ்ச்சிகளுக்காக இருபது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. 1978இல் குழந்தைகளுக்கான விளம்பரத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க வர்த்தக ஆணையம் முயன்றபோது, ‘வாஷிங்டன் போஸ்ட்’ அதை நாட்டுக்கே ஆயா என்று கேலி செய்தது. இரண்டே ஆண்டில் நாடாளுமன்றம் ஆணையத்தின் கையைக் கட்டிப்போட்டது. 1984இல் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பும் போனது. அடுத்த சில ஆண்டுகளுக்கு ஹி-மேன் வகைப் பொம்மைத் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தன. 1990இல் புதுச் சட்டம் வந்து, வாரநாளில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று மறுபடியும் அணை கட்டியது. கியூபெக்கும் ஸ்வீடனும் குழந்தைகளுக்கான விளம்பரத்தையே தடை செய்தன. இந்த வரலாற்றில் சுத்தமான காலம், கெட்ட காலம் என்ற கோடு எங்கும் விழவில்லை. யார் பலம் கூடியதோ அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இந்த விளம்பரச் சட்டமெல்லாம் தொலைக்காட்சிக்கு. பிள்ளைகள் இப்போது கைப்பேசியில் இருக்கிறார்கள். 2019 செப்டம்பரில், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் திரட்டியதற்காக, யூடியூபும் அதன் உரிமையாளரான கூகுளும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. வழக்கில் வெளிவந்த ஒரு விவரம்: ஆறிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் சென்று சேர்வதில் பெரிய தொலைக்காட்சிச் சேனல்களையே மிஞ்சிவிட்டோம் என்று யூடியூப் ஒரு விளம்பரதாரரிடம் மார்தட்டியிருக்கிறது. அந்த விளம்பரதாரர் மட்டெல். இன்னொரு விளம்பர நிறுவனத்திடமோ, எங்கள் தளத்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்களே கிடையாது, பிள்ளைகளின் விவரங்களைக் காக்கும் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. 1955இல் பொம்மைத் துப்பாக்கி விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்பது கூடத்தில் உட்கார்ந்து பார்த்த எந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.