ஒரே இடத்தில் இரண்டு பரப்புகள்

செம்புத் தகட்டின் மேல் அலுமினியத் தகடு. இரண்டுக்கும் இடையே வெப்பம் பாய்வதைக் கணக்கிட வேண்டும். திரையில் தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வடிவவியல் கோப்பிலோ அந்த இடத்தில் இரண்டு பரப்புகள் இருக்கின்றன: செம்பின் மேல்முகம், அலுமினியத்தின் அடிமுகம். அப்படியே மெஷ் போட்டால் கணுக்களும் இரட்டையாகும். நிபந்தனை தரப்படாத முகத்தை வெப்பம் கடக்காத சுவராகவே ஃபைனைட் எலிமென்ட் முறை எடுத்துக்கொள்ளும். கட்டமைப்புக் கணக்காக இருந்தால், அதே இடம் விரிசலாகிவிடும்.

இந்தப் பிழை சத்தம் போடுவதில்லை என்பதுதான் என் கவலை. இரு தகடுகளிலும் எங்கேனும் வெப்பநிலை கட்டப்பட்டிருந்தால் ரெசிடுவல் ஒழுங்காக இறங்கும். சுவரின் இருபுறமும் பாய்வு சுழி என்பதால் ஆற்றல் கணக்கும் சரியாகவே நிற்கும். வண்ணப்படமும் அழகாக வரும்.

2017இல் மெஷ் போடும் மென்பொருளான ஜிமெஷ் 3.0 வெளிவந்தபோது, ஓப்பன்கேஸ்கேட் வடிவவியல் நூலகத்தின் துணையோடு பூலியன் செயல்களும் வந்தன. அவற்றுள் ஒன்றான ஃபிராக்மென்ட் செய்தால் இரண்டு பரப்பும் ஒன்றாகிவிடும். ஆனால் பரப்புகளின் எண்கள் மாறக்கூடும். நேற்று ஆறாம் எண் பரப்புக்குத் தந்த வெப்பநிலை, இன்று வேறொரு முகத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். எந்தப் பழைய உருவிலிருந்து எது பிறந்தது என்ற பட்டியலை ஃபிராக்மென்ட் செயலே திருப்பித் தருகிறது. நிபந்தனைகளை அந்தப் பட்டியலை வைத்தோ, முகத்தின் இருப்பிடத்தை வைத்தோ கட்டுங்கள், எண்ணை நம்பாதீர்கள். ஓப்பன்ஃபோம் மென்பொருளுக்கு மாற்றிய மெஷ்ஷில் 'டிஃபால்ட்ஃபேசஸ்' என்ற பெயரில் முகங்கள் சேர்ந்திருந்தால், சால்வரை ஓட்டாமல் அவை எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பெயர் பெறாத வெளிமுகங்களோடு, ஒட்டாமல் விடுபட்ட உள்முகங்களும் அங்கேதான் வந்து விழும்.

டாலரன்ஸைக் கூட்டி, அருகிலிருக்கும் கணுக்களையெல்லாம் ஒட்டிவிடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. மெல்லிய தடுப்புத் தகடு, ஆய்வுக்கென்றே வைத்த விரிசல், தொடுகை இடைவெளி ஆகியவை எல்லாம் வேண்டுமென்றே இரட்டையாக வைக்கப்பட்டவை. கண்மூடி ஒட்டினால் அவையும் அழியும்.

பரப்புகள் ஒட்டியிருக்கின்றனவா என்று அறியும் சோதனை எளிது. எல்லாத் தகடுகளுக்கும் ஒரே வெப்பக் கடத்துதிறன் கொடுங்கள். பக்கங்களை மூடி, அடியில் 0, மேலே 100 என்று வெப்பநிலையைக் கட்டுங்கள். வெப்பநிலை நேர்கோடாக ஏற வேண்டும். அடித்தகடு முழுக்க 0, மேல்தகடு முழுக்க 100 என்று வந்தால் இடையே பரப்பு ஒட்டவில்லை. சில நிமிட வேலைதான்.

பல திண்மங்கள் சேர்ந்த மாதிரிகளைப் பற்றி இவ்விதழுக்கு எழுதுவோர் இச்சோதனையின் முடிவையும், வேண்டுமென்றே விட்ட இரட்டைப் பரப்புகளின் பட்டியலையும் கட்டுரையுடன் சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.