சாதி ஒன்று, சட்டம் இரண்டு: கோயில் வாசலும் தேவாலய வாசலும்

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நுழைந்த தலித்துகள் தாக்கப்பட்டனர். ஜூன் மாதம் வருவாய்த்துறை கோயிலுக்கு முத்திரையிட்டது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசைக்காகக் கதவு திறந்தது. தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட்டதோ 2025 ஏப்ரலில்தான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் மற்றொரு வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் நிர்வாகத்திலும் திருவிழாவிலும் கல்லறைத் தோட்டத்திலும் தங்களுக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்படுவதாகத் தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த மனு அது. எதிர்த்தரப்புக்கு அறிவிக்கை அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரு கட்டடத்தைப் புனிதமாக்குவது எது என்பதற்கு மதங்கள் தரும் விடைகள் வேறு வேறு. ஆகமக் கோயிலின் மையம் கருவறையில் நிறுவப்பட்ட தெய்வம். தேவாலயத்தின் மையம் திருப்பலிப் பீடம். குருத்வாராவின் மையம் குரு கிரந்த சாகிப். ஆனால், சாதி மூன்றினுள்ளும் நுழைந்திருக்கிறது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த தேவாலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. சாதிக்கொரு கூடம், நடுவே சுவர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது, தனியிடம் தங்கள் உரிமை என்று ஆதிக்கச் சாதியினர் நீதிமன்றம் சென்று தோற்றனர். நான்கு திசைக்கும் வாசல் வைத்த அமிர்தசரஸ் பொற்கோயிலிலும், 1920 அக்டோபரில் தலித் சீக்கியர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்கப் பூசாரிகள் மறுத்தனர். சீக்கியர்கள் அதை எதிர்த்து நின்றதே குருத்வாரா நிர்வாகத்தை மீட்கும் இயக்கத்துக்கு வேகமூட்டியது.

சாதி ஒன்றாகவே இருக்க, சட்டம் ஒன்றாக இல்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எல்லா வடிவிலும் ஒழிக்கிறது. அங்கே மத வேறுபாடு இல்லை. ஆனால், பொதுவான சமய நிறுவனங்களை அனைத்துப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றலாம் என்னும் 25(2)(ஆ) பிரிவு இந்து நிறுவனங்களைப் பற்றியது. சீக்கிய, சமண, பௌத்த நிறுவனங்களும் அதில் அடங்கும், கிறித்தவம் அடங்காது.

குற்றவியல் சட்டத்தில் இடைவெளி இன்னும் பெரிது. கோயிலில் தடுக்கப்படும் இந்துத் தலித்துக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, முன்பிணைக்குத் தடை, சிறப்பு நீதிமன்றம், அரசின் நிவாரணத் தொகை. பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கிறித்தவரை விலக்குவதால், தேவாலயத்தில் தடுக்கப்படும் தலித் கிறித்தவருக்கு இவை எதுவும் இல்லை. எஞ்சுவது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன்படி முதல் முறைக் குற்றத்துக்கு உச்ச தண்டனை ஆறு மாதச் சிறையும் ஐந்நூறு ரூபாய் அபராதமும். அவமதிப்பு ஒன்றே, அதன் விலையை மட்டும் கட்டடத்தின் பெயர் தீர்மானிக்கிறது.

அந்த ஆணை சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் திருத்தப்பட்டது. மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்ற வாதத்தை நாடாளுமன்றமே இருமுறை கைவிட்டிருக்கிறது. அதே வாதத்தைக் கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் எதிராக மட்டும் நிறுத்திவைப்பதில் நியாயம் இல்லை.

1930இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்திய அண்ணல் அம்பேத்கர், 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். கோயில் நுழைவே விடுதலை என்று அவர் கருதவில்லை. ஆனால், போக வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம், தடுப்பவர்கள் அல்லர்.

எனவே கோரிக்கைகள் இரண்டு. மூன்றாம் பத்தி நீக்கப்பட வேண்டும். வாசலைத் திறந்துவிட்டதோடு கடமை முடிந்ததெனக் கருதாமல், அறங்காவலர் குழுவிலும் பங்குப் பேரவையிலும் தேரோடும் தெருவிலும் கல்லறையிலும் சமத்துவம் உறுதி செய்யப்பட வேண்டும். மேல்பாதிக்காகக் குரல் கொடுத்தவர்கள் கோட்டப்பாளையத்துக்காகவும் குரல் கொடுக்கும்போதுதான் இது சாதி ஒழிப்புப் போராட்டம் ஆகும்.