டிக்கெட் போட்டாச்சு, புது வேலையும் கிடைச்சாச்சு... லீவு கிடைக்குமா?

செப்டம்பரிலேயே திருச்சிக்கு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். தை மாதம் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நீங்கள்தான். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகையில் உங்கள் பெயரும் அச்சாகிவிட்டது.

நவம்பர் கடைசியில், மூன்று சுற்று நேர்காணலுக்குப் பிறகு, அந்த மின்னஞ்சல் வருகிறது. வேலை உங்களுக்குத்தான். ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும்.

சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். அதற்குப் பிறகு ஒரே கேள்வி: "சேர்ந்த மூணாவது வாரமே லீவு கேட்டா என்ன நினைப்பாங்க?"

சிங்கப்பூரில் வேலை மாறும் இளையர் பலருக்கு இது பழகிய தலைவலி. சட்டம் இதில் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது? எந்த இடத்தில் நாமே பேசிச் சமாளிக்க வேண்டும்?

ஏன் குறிப்பாக ஜனவரி, பிப்ரவரி?

நிறைய பேர் டிசம்பரில் 13ஆம் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை காத்திருந்துதான் வேலை மாறுகிறார்கள். அதனால் புது வேலை ஆண்டுத் தொடக்கத்தில் அமைகிறது. நம் குடும்பங்களிலோ மார்கழி முடிந்து தை பிறந்ததும் கல்யாணம், காது குத்து, கிரகப்பிரவேசம் என்று வரிசையாக வரும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து விழுவது தற்செயல் இல்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில்தான் வரும். இரண்டு நாள் பொது விடுமுறையோடு சீன நண்பர்கள் சில நாள் லீவு சேர்த்து எடுப்பார்கள். அந்த நேரத்தில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் இருப்பார்கள் என்பது பல இடங்களில் வாய்விட்டுச் சொல்லாத எதிர்பார்ப்பு. உங்கள் தேதி அந்த வாரத்தைத் தொடுகிறதா என்று முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். தொடுகிறது என்றால் மேலாளர் தயங்குவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

சட்டப்படி எத்தனை நாள்?

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரல் 1 முதல் மேலாளர்கள், நிர்வாகிகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அலுவலக வேலை பார்க்கும் பெரும்பாலோருக்கு அது பொருந்தும்.

அதன்படி, ஒரே முதலாளியிடம் குறைந்தது 3 மாதம் வேலை செய்த பிறகுதான் சம்பளத்துடன் கூடிய வருடாந்திர விடுப்புக்கு உரிமை வரும். முதல் ஆண்டுக்கு 7 நாள். பிறகு ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி, 14 நாளில் நிற்கும். இது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். ஒப்பந்தம் இதைவிட அதிகம் தரலாம், குறைக்க முடியாது.

ஆண்டு முடியும் முன் கணக்குப் பார்த்தால், முழுதாக முடித்த மாதங்களின் விகிதப்படி விடுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். 3 மாதம் முடித்தால் 14-ஐ 12-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்க வேண்டும்: மூன்றரை நாள். அரை நாளும் அதற்கு மேலும் இருந்தால் முழு நாளாக எடுத்துக்கொள்வார்கள். ஆக 4 நாள். சட்டத்தின் 7 நாள் மட்டுமே என்றால் 2 நாள்தான்.

மூன்றாவது வாரத்தில்? சட்டப்படி பூஜ்யம்.

"குடும்ப விசேஷத்துக்குத் தனி லீவு இருக்காதா?" என்று கேட்பவர்களும் உண்டு. கல்யாணத்துக்கு எடுக்கும் விடுப்பு, நெருங்கியவர் இறந்தால் எடுக்கும் விடுப்பு இரண்டையுமே சட்டம் கட்டாயமாக்கவில்லை. பல நிறுவனங்கள் தாமாகத் தருகின்றன. அதிலும் உங்கள் சொந்தக் கல்யாணத்துக்குத்தான் கிடைக்கும், அக்கா மகளின் காது குத்துக்குக் கிடைக்காது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். அங்கும் முதல் ஆண்டில் விகிதக் கணக்குதான்.

ஆக, உரிமை என்று பேசினால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் கையில் இருப்பது நேரம் மட்டுமே. எப்போது சொல்கிறீர்கள் என்பதுதான் எல்லாமே.

எப்போது சொல்வது?

முதல் நேர்காணலிலேயே சொல்லத் தேவையில்லை. அவர்கள் உங்களை இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த நேரத்தில் பயணத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் "எப்போது சேர முடியும்?" என்று அவர்களே கேட்டால் மறைக்காதீர்கள். அங்கே மழுப்பிவிட்டுப் பிறகு வந்து சொல்வது மோசமான ஆரம்பம்.

கையெழுத்துப் போட்ட பிறகு சொல்வது ரொம்பத் தாமதம். முதல் நாள் அடையாள அட்டை வாங்கும்போது சொல்வது அதைவிட மோசம். அதற்குள் உங்களை நம்பி பயிற்சி அட்டவணை போட்டிருப்பார்கள்.

நல்ல நேரம் இடையில் இருக்கிறது. "உங்களை எடுக்கிறோம்" என்று அவர்கள் சொன்னதற்கும், நீங்கள் கையெழுத்திடுவதற்கும் நடுவே உள்ள சில நாள்கள். அப்போது அவர்களுக்கு நீங்கள் வேண்டும். சம்பளம், சேரும் தேதி எல்லாம் பேச்சில் இருக்கும். அதோடு இதுவும் ஒரு விஷயமாகப் போய்விடும்.

இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. பழைய வேலையில் இன்னும் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்க மாட்டீர்கள். "அந்தத் தேதியில் விட முடியாது" என்று புது இடம் அடித்துச் சொன்னால்கூட, யோசிக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இந்தப் பதிலைக் கேட்டால் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

என்ன சொல்வது? நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். சாரம் இவ்வளவு போதும்:

"வேலையை ஏற்றுக்கொள்வதில் மகிழ்ச்சி. கையெழுத்திடும் முன் ஒன்று தெரிவிக்க விரும்புகிறேன். ஜனவரி 19 முதல் 28 வரை குடும்ப நிகழ்ச்சிக்காக வெளிநாடு செல்ல ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறேன். எட்டு வேலை நாள்கள். சம்பளமில்லா விடுப்பாக எடுக்கவும் தயார், சேரும் தேதியைத் தள்ளுவது உங்களுக்கு வசதி என்றால் அதற்கும் தயார்."

தேதி, எத்தனை வேலை நாள், இரண்டு வழி. அவ்வளவுதான். நீளமாக மன்னிப்புக் கேட்டால் ஏதோ தப்பு செய்ததுபோல் ஆகிவிடும்.

காரணம் எவ்வளவு சொல்வது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஜப்பானுக்கு நண்பர்களோடு போவதாக இருந்தால் "முன்பே ஏற்பாடு செய்த பயணம்" என்று சொன்னால் போதும். யாரும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லப்போவதில்லை. ஆனால் காது குத்து மாதிரி ஒன்றுக்கு வெறும் 'ஃபேமிலி ஃபங்ஷன்' என்று எழுதினால், தள்ளிப்போடக்கூடிய ஏதோ விருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். "சடங்கைச் செய்ய வேண்டியவனே நான்தான், எனக்காகத்தான் தேதி குறித்தார்கள்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். தாய்மாமன் முறை தெரியாத மனிதவள அதிகாரிக்கும் அது புரியும்.

தேசிய சேவைப் பயிற்சிக்கான அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தால் அதையும் இதே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். அதற்குப் போக விடுவது முதலாளியின் சட்டக் கடமை. இருந்தாலும் இரண்டு முறை தனித்தனியாகப் போய் நிற்பதைவிட ஒரே முறையில் முடிப்பது நல்லது.

சரி என்றால், எழுத்தில் வாங்குங்கள். முக்கிய வேலை நிபந்தனைகளை முதலாளி எழுத்தில் தர வேண்டும் என்கிறது சட்டம். விடுப்பு விவரமும் அதில் அடங்கும். ஆனால் அதற்குக் கெடு, வேலையில் சேர்ந்து 14 நாளுக்குள். உங்களுக்கு அது பிந்திவிடும். தொலைபேசியில் "நோ ப்ராப்ளம் லா" என்று சொன்னவர் ஜனவரியில் அந்த நிறுவனத்திலேயே இல்லாமல் போகலாம். ஒப்புதலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு நேரடி மேலாளராக வரப்போகிறவருக்கும் அது தெரியுமா என்று கேளுங்கள். மனிதவளப் பிரிவு சரி சொல்லி, மேலாளருக்குத் தெரியாமல் போவதுதான் பிறகு சங்கடமாகிறது.

சம்பளமில்லா விடுப்பா, தேதியைத் தள்ளுவதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளி, அந்த மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 182 வெள்ளி. எட்டு நாளுக்கு 1,454 வெள்ளி 55 காசு போகும். டிக்கெட்டையும் சேர்த்தால் காது குத்துக்கு நீங்கள் வைக்கும் சீர் கொஞ்சம் பெரிதுதான்.

சம்பளமில்லா விடுப்பும் உரிமை அல்ல, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான். சில நிறுவனங்கள் இன்னும் சேராத விடுப்பை முன்கூட்டியே எடுக்க விடும். வசதிதான். ஆனால் முன்பணம் மாதிரி அது. மூன்று மாதத்தில் வேலை பிடிக்காமல் விலகினால், கூடுதலாக எடுத்த நாளுக்குக் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதற்குமான விடுப்பில் எட்டு நாள் ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டால் தீபாவளிக்கு என்ன மிஞ்சும் என்பதும் யோசிக்க வேண்டியதே.

சேரும் தேதியைப் பிப்ரவரிக்குத் தள்ளுவது பல நேரங்களில் சுத்தமான வழி. பயிற்சியின் நடுவே காணாமல் போக வேண்டியதில்லை, யார் கண்ணிலும் படாது. பழைய வேலையில் அதற்கேற்ப கூடுதலாக இருந்துவிட்டு, விலகி, ஊருக்குப் போய் வந்து, நேராகப் புது வேலை. ஆனால் இடைவெளி நாள்களுக்குச் சம்பளம் எங்கிருந்தும் வராது.

என்னைக் கேட்டால், பயணம் சேர்ந்த முதல் மாதத்துக்குள் வந்தால் தேதியைத் தள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வந்தால் விடுப்புக் கேளுங்கள்.

பழைய இடத்தில் மிச்சமிருக்கும் லீவு

இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னறிவிப்புக் காலத்தில் மிச்ச விடுப்பைப் பயன்படுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்தக் காலத்துக்குள் விடுப்பில் போவது. கடைசி நாள் மாறாது, அதுவரை நீங்கள் பழைய நிறுவனத்தின் ஊழியர்தான், சம்பளமும் உண்டு. மற்றொன்று, விடுப்பை முன்னறிவிப்புக் காலத்தில் கழித்து, கடைசி நாளையே முன்னால் கொண்டுவருவது. சம்பளமும் அந்த நாளோடு நின்றுவிடும்.

பயணம் முன்னறிவிப்புக் காலத்துக்குள் விழும்படி அமைத்துக்கொண்டால் முதல் வழி லாபம். ஊரில் இருக்கும்போதும் பழைய சம்பளம் ஓடும். முதலாளியின் அனுமதி வேண்டும், வேலையை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

"அங்கிருந்தே வேலை பார்க்கிறேன்" என்று சொல்லலாமா?

கேட்க ஆசையாகத்தான் இருக்கும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முறைப்படி கேட்டால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆனால் அது தகுதிகாண் காலத்தை முடித்தவர்களுக்கு. உங்களுக்கு இன்னும் அது தொடங்கவே இல்லை. தவிர, வெளிநாட்டிலிருந்து வேலை செய்தால் விசா, வரி, நிறுவனத் தரவுப் பாதுகாப்பு என்று வேறு சிக்கல்கள் வரும். உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில், மைக் செட் அலறும்போது காணொளிக் கூட்டத்தில் உட்காருவதும் நடக்கிற காரியமா என்று யோசியுங்கள்.

சொல்லாமலே சேர்ந்துட்டேன், இப்ப என்ன செய்ய?

பயணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றால் இன்றே மேலாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். "முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது" என்று ஒரே முறை சொல்லிவிட்டு, நீங்கள் இல்லாத நாள்களில் எந்த வேலையை எப்போது முடிப்பீர்கள் என்று கையில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எட்டு நாளைக் கேட்டு நான்கு நாள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை போய் விசேஷத்தை முடித்து, வியாழன் இரவு திரும்பும்படி டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று பேசப் போகும் முன்பே பார்த்துவைத்திருங்கள். பயணக் காப்புறுதி பொதுவாக வேலை மாறியதை ரத்துக்கான காரணமாக ஏற்பதில்லை, அதை நம்பி இருக்க வேண்டாம்.

எம்.சி. போட்டுவிட்டுப் பறக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்று மாதம் முடியாமல் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புக்கும் சட்டப்படி உரிமை இல்லை. காது குத்துப் படத்தை யாராவது ஒரு சித்தி இன்ஸ்டகிராமில் உங்கள் பெயரோடு போடாமல் இருக்கப்போவதும் இல்லை. பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்தது தெரிந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம்.

சொல்லாமல் போவது அதைவிட ஆபத்து. முன் அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல், அல்லது முதலாளியிடம் தெரிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், ஊழியர் ஒப்பந்தத்தை மீறியதாகவே வேலை நியமனச் சட்டம் கருதும். அதன்படி பார்த்தால் திங்கட்கிழமை காலை திருச்சியில் இறங்கியவருக்கு, புதன்கிழமை மாலைக்குள் சிங்கப்பூரில் வேலை இல்லாமலே போகலாம்.