பக்கத்து பெஞ்ச்



புனேயின் ரஸ்தா பேட்டில் நம் தமிழர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அதே பேட்டில் 1921இல் கட்டிய ஒரு யூதத் தொழுகைக்கூடம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் பெயர் சுக்காத் ஷெலோமோ. கேம்ப் பகுதியில் இருக்கும் லால் தேவளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் கோபுரத்தைப் பார்த்துவிட்டு சர்ச் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். அது 1867இல் கட்டி முடித்த ஒஹேல் டேவிட் தொழுகைக்கூடம். அதைக் கட்டத் தொடங்கிய டேவிட் சசூன், பாக்தாத்தில் ஆட்சியாளரின் கெடுபிடி தாங்காமல் தப்பி பம்பாய்க்கு வந்தவர். பெரும் வணிகராக வளர்ந்தார் (அந்தச் செல்வத்தில் அபின் பணமும் உண்டு, அதை மறைப்பானேன்). 1864இல் புனேயில் இறந்து அந்த வளாகத்திலேயே அடக்கமானார். ஸ்டேஷன் அருகே இருக்கும் சசூன் ஆஸ்பத்திரி அவர் கொடையால் எழுந்தது. 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்து காந்தியைக் கொண்டுவந்து குடல்வால் அறுவை சிகிச்சை செய்தது அங்கேதான்.

சசூன் வருவதற்கு வெகு காலம் முன்பே கொங்கண் கரையில் குடியேறிவிட்டவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களை ‘ஷனிவார் தேலி’ என்றார்கள். பேசுவது மராத்தி. பெயரின் கடைசியில் ‘கர்’ வரும். நேர்த்திக்கடனுக்கு அவலும் தேங்காயும் வெல்லமும் சேர்த்து ‘மலிதா’ படைப்பார்கள். பாஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் நூலை 1874இல் மராத்தி மொழிபெயர்ப்போடு இதே புனேயில் அச்சிட்டார்கள். இன்று மகாராஷ்டிரம் முழுவதும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர்தான். மாநில அரசு 2016இல் அவர்களைச் சிறுபான்மையினராக அறிவித்தது.

இவ்வளவையும் சொல்வது சுற்றுலாவுக்கு அல்ல. நான் பேச வந்தது பள்ளிக்கூட விஷயம்.

எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஹிட்லர் ஸ்டிக்கர் சர்வசாதாரணம். கேஸ் அறையை வைத்து ஜோக் அடிக்கிறார்கள். காசு விஷயத்தில் கறாரான பையனை ‘யூதன்’ என்கிறார்கள். கேட்டால், “சும்மா ஜாலிக்குப்பா, யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க” என்று பதில் வரும். எங்கிருந்து கற்றார்கள் என்று கேட்டுப் பயனில்லை. கண்டிப்பான வாத்தியாருக்கு ‘ஹிட்லர்’ என்று பெயர் வைத்தவர்கள் நாம்தான். சினிமாவுக்கும் அந்தப் பெயரைச் சூட்டினோம். நவி மும்பையில் 2006இல் ஒருவர் ஹிட்லர் பெயரில் உணவகமே திறந்தார். எதிர்ப்பு வந்த பிறகுதான் பெயரை மாற்றினார். ஹிட்லரின் சுயசரிதையைப் புத்தகக் கடைகளில் சுயமுன்னேற்ற நூல்களுக்கு நடுவே அடுக்கி விற்கிறார்கள். போனில் வருவது மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

‘இந்தியாவில் யூதர்களை யாரும் துன்புறுத்தியதில்லை’ என்று நாம் பெருமையாகச் சொல்வோம். போர்த்துக்கீசியர் செய்த கொடுமைகளைத் தள்ளிவிட்டால் அது பெருமளவு உண்மை. பெனே இஸ்ரேல் மக்களே நன்றியோடு அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெருமை பள்ளிக்கூட மைதானம் வரை எட்டியதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய நம் பெருங்கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேல் 1924இல் பம்பாயில் பிறந்த பெனே இஸ்ரேல். அப்பா கல்லூரிப் பேராசிரியர், அம்மா பள்ளி நடத்தியவர். படித்தது கத்தோலிக்கப் பள்ளியில். ஏசுவைக் கொன்றவன் நீதான் என்று சக மாணவர்கள் குற்றம் சாட்டியதையும், வேறொரு பையனிடம் அடி வாங்கியதையும், வலுத்த பிள்ளைகளுக்கு அஞ்சி வளர்ந்ததையும் பிற்காலத்தில் கவிதையில் எழுதினார். சாகித்ய அகாதமி விருதும் பத்மஸ்ரீயும் பெற்ற மனிதர், நடுவயதிலும் அந்த வகுப்பறையை மறக்கவில்லை. அடித்தவர்களுக்கு அது அன்று மாலையே மறந்திருக்கும்.

‘எங்கள் பையன் வகுப்பில் யூதப் பிள்ளையே இல்லையே, யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்பீர்கள். இல்லாத ஒருவரை வைத்துப் பழகிய வாய், இருக்கிற ஒருவரைக் கண்டதும் சும்மா இருக்காது. முஸ்லிம் பையனை ‘பாகிஸ்தானுக்குப் போ’ என்பதும், மணிப்பூர்ப் பெண்ணின் கண்ணைக் கேலி செய்வதும், ஸ்காலர்ஷிப் வாங்குகிற பிள்ளையின் சாதியைக் குத்திக்காட்டுவதும் அதே வாய்தான். நமக்கும் இது புதிதல்ல. தென்னிந்தியருக்கு எதிரான ‘லுங்கி ஹடாவ்’ கோஷம் கேட்ட 1960களின் பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். ‘யண்டு குண்டு’ என்று தன் மொழியைப் பற்றிய கேலி கேட்காமல் மராத்திப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை அந்தக் காலத்தில் அபூர்வம். வீட்டுக்கு வந்து சொன்னால், “விடுடா, நீ நல்லா மார்க் வாங்கிக் காட்டு” என்றார்கள். அந்த பதிலால் யாருக்கும் ஆறுதல் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கான மருந்து பிள்ளைகளின் புத்தகப் பையிலேயே இருந்திருக்கிறது. சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் பல ஆண்டுகளாக நாஜிகளைப் பற்றி ஒரு தனிப் பாடம் உண்டு. யூத ஆசிரியர்களை நீக்கியதும், யூதப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்ததும், பிறகு பள்ளியை விட்டே துரத்தியதும் அதில் இருக்கிறது. 1938 நவம்பரில் ஜெர்மானிய அரசுப் பள்ளிகளிலிருந்து அவர்களை முற்றிலும் வெளியேற்றினார்கள். கொலை முகாம்கள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பெஞ்சைப் பிரித்தாகிவிட்டது. நம் பிள்ளைகள் இதை ஐந்து மார்க் விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். எழுதி முடித்து வெளியே வந்து ஸ்டிக்கர் அனுப்புகிறார்கள். ஆசிரியர்கள் அந்தப் பாடத்துக்கு இன்னும் ஒரு பீரியட் ஒதுக்கலாம்.

கடல் கடந்து போன பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மெல்போர்னில் பிரைட்டன் செகண்டரி காலேஜ் என்ற அரசுப் பள்ளியில் படித்த யூத மாணவர்கள் ஐந்து பேர், பல ஆண்டுகள் தங்களைச் சக மாணவர்கள் இழிவுபடுத்தியதாகவும் பள்ளிச் சுவர்களில் நாஜிச் சின்னம் வரைந்திருந்ததாகவும் வழக்குத் தொடுத்தார்கள். 2023 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு 4 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. தீர்ப்பு சாடியது கேலி செய்த சிறுவர்களையல்ல, தடுக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு தடுக்கத் தவறிய பெரியவர்களை. அதே விக்டோரியா மாநிலம் 2022இல் நாஜிச் சின்னத்தைத் தடை செய்தபோது, இந்துக்களும் பௌத்தர்களும் சமணர்களும் வழிபாட்டில் பயன்படுத்தும் ஸ்வஸ்திகாவுக்கு விலக்கு அளித்தது. வாசலில் ஸ்வஸ்திகா போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான்.

காசாவைப் பற்றி உங்கள் மகனோ மகளோ கோபமாகப் பேசினால் தடுக்காதீர்கள். அங்கே குழந்தைகள் சாவதைக் கண்டு பதறாத மனம் வேண்டாம். இஸ்ரேல் அரசை விமர்சிப்பது வேறு. ரஸ்தா பேட்டில் பிறந்து மராத்தி பேசும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையை அதற்காக நிறுத்தி வைத்துப் பதில் கேட்பது வேறு. இதை இந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கப் பழக்கலாம். பழக்கினால் முடிகிற காரியம்தான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மதத்தையோ சாதியையோ மொழியையோ சொல்லி வகுப்பில் ஒரு பிள்ளையைச் சீண்டியதை நீங்கள் நேரில் பார்த்திருந்தால், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். வரும் கடிதங்களை அடுத்த இதழில் தனிப் பகுதியாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்