கல்முனைக்குத் தெற்கே, தண்ணீர் வரும் வழி

கொழும்பில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது கல்முனை. பகல் முழுதும் கையில் இருக்கிறது. அன்றிரவே திரும்ப ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பில் வேலைக்குப் போய்விடலாம். கல்யாண வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும் இப்படி வந்துபோகிறவர்கள் ஏராளம். ஊர் பார்க்கவென்று வருகிறவர்கள்தான் குறைவு. அவர்களிலும் பெரும்பாலானோர் கல்முனையில் இறங்குவதில்லை. பொத்துவிலைத் தாண்டி அறுகம்குடாவின் அலைக்குப் போய்விடுகிறார்கள். போகிற வழியில் ஒரு பெரிய ஆறு கடலைத் தொடுகிறது என்பதும், அந்த ஆறு போட்ட வண்டல் மண்ணில்தான் இத்தனை ஊர்களும் உட்கார்ந்திருக்கின்றன என்பதும் பஸ் ஜன்னலில் தெரிவதில்லை.

அந்த ஆறு பட்டிப்பளை ஆறு. அரச வரைபடங்களில் கல்லோயா. பதுளைக்குக் கிழக்கே மலைநாட்டில் புறப்பட்டு 108 கிலோமீட்டர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் கடலில் சேர்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரத்தில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கடலுக்கும் வயலுக்கும் நடுவே இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. அதில் வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. பிரதான வீதியில் நின்று மேற்கே ஒரு குறுக்குத் தெருவில் திரும்பினால், சற்று நேரத்தில் வீடுகள் முடிந்து வயல் தொடங்கிவிடும். அங்கிருந்து அம்பாறை மலைக்குன்றுகள் வரை கண்ணுக்கு எட்டுவதெல்லாம் வட்டைதான்.

ஒரு நாள் பயணத்துக்கு வருகிறவர் இந்தத் திசையை எடுக்க வேண்டும். கரையோரமாகவே போனால் ஊர்களைப் பார்க்கலாம். உள்ளே மேற்காகப் போனால்தான் அந்த ஊர்கள் எதனால் உயிர் வாழ்கின்றன என்பதைப் பார்க்கலாம்.

காலையில் கடற்கரையிலிருந்து தொடங்குவது நல்லது. கல்முனைக்குடியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் வருடந்தோறும் கொடியேறும் கடற்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்த இடமும் இந்தக் கரைதான். இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று ஒவ்வொரு ஊரிலும் அந்த நாளைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களாகத் தொடங்கினால் கேட்கலாம். வந்திறங்கிய கையோடு கேள்வி கேட்கத் தொடங்குவது முறையல்ல.

பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டு, ஒரு பிளேன்டியும் குடித்து, தெற்கே பஸ் ஏறினால் நிந்தவூரைக் கடந்ததும் களியோடைப் பாலம் வருகிறது. பஸ் சில நொடிகளில் தாண்டிவிடும். ஆகவே ஓட்டோ பேசிக்கொள்வது மேல். பாலத்தில் இறங்கி நின்று பார்க்க வேண்டும். மலையில் பிறந்து, பெரிய அணையில் அடைபட்டு, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, வயல்களில் பாய்ந்து வடிந்து மிஞ்சிய தண்ணீர் இங்கே கடலுக்குப் போகிறது. மாரியில் இது வேறு ஆறு. வேனிலில் பார்த்தவருக்கு இதுதான் அதுவா என்று சந்தேகம் வரும்.

பாலத்துக்கு அப்பால் ஒலுவில். 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த மண்ணில் நிற்கிறது. வாப்பா வயலுக்குப் போக, உம்மா பாய் இழைக்க, வீட்டிலிருந்தே பஸ் ஏறிப் பட்டம் பெற்ற பெண்பிள்ளைகள் இந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்தக் கரையோரத்தை இதைவிட அதிகமாக மாற்றிய ஒரு கட்டடம் இல்லை என்றே சொல்லலாம்.

அதே ஊரில் இன்னொரு கட்டுமானமும் இருக்கிறது. டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகம். கரையோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் அதை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லணை நீட்டினால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை கரையும். ஒலுவிலில் அப்படியே நடந்தது. துறைமுக வாயிலை மணல் மூடியது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளைக் கடல் தின்றது. வேர் வெளியே தெரியச் சரிந்து கிடக்கும் தென்னைகளைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆறு ஆயிரமாயிரம் வருடம் கொண்டுவந்து சேர்த்த கரை எத்தனை சீக்கிரம் போய்விடுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு, அறிக்கையில் படிப்பது வேறு.

இனி உள்ளே.

அட்டாளைச்சேனையைத் தாண்டி மேற்கே திரும்பினால் வீதியின் இரு பக்கமும் வயல். பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைத்து, தை மாசியில் வெட்டுகிற போகம். சிறுபோகம் சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் முடியும். அதற்கு மழை போதாது, குளத்துத் தண்ணீர்தான் வேண்டும். விதைப்புக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனத் திணைக்களம், அரச அதிகாரிகள், விவசாய அமைப்புகள் எல்லோரும் உட்கார்ந்து எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் தேதியில் பூட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்தத் தேதிகள் கரையோரத்துக் கடைவீதி வரைக்கும் கணக்கு. நகை அடகு மீட்பதும் மகளின் கல்யாணம் வைப்பதும் வெட்டு முடிகிற மாதத்தைப் பார்த்துத்தான். களவெட்டியில் சூடு வைத்து மாடு கட்டி மிதித்த காலம் போய்விட்டது. இப்போது வெட்டு மெசின் வந்து ஒரே ஓட்டத்தில் வெட்டி அடித்து மூட்டையாகக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை இருக்கிறார். வாய்க்கால் தகராறும் இருக்கிறது.

இந்த வயல் வாழ்க்கையை எழுத்தில் பிடித்தவர் கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன். அவருடைய காவியத்தின் பெயரே ‘வேளாண்மை’. கொழும்பிலிருந்து வருகிறவர் பஸ்ஸில் தூங்குவதற்கு முன் அதில் சில பக்கம் படித்துவிட்டு வந்தால், காலையில் வரம்பில் நிற்கும்போது கண் வேறுவிதமாகப் பார்க்கும்.

வழியில் தீகவாபி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் எழுப்பியதாகச் சொல்லப்படும் செங்கல் தூபி வயல்வெளியின் நடுவே பெரிய மேடாக எழுந்து நிற்கிறது. பௌத்தர்களுக்குப் புனித இடம். ஒரே பகலில் தர்கா, தூபி, கோயில், குளம் எல்லாவற்றையும் ஒரே ஆற்றின் படுகையில் பார்க்க முடிகிற நிலம் இது. இந்த நிலத்துக்குள் உரிமைச் சச்சரவுகளும் உண்டு. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பகல் வந்து போகிறவர் அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது.

பிறகு இறக்காமம், வரிப்பத்தான்சேனை. கரையோர ஊர்களின் நெரிசல் இங்கே இல்லை. வேளாண்மை, மாடு, குளத்து மீன் ஆகிய மூன்றையும் சுற்றி வாழும் முஸ்லிம் ஊர்கள். பஸ் நிறுத்தத்தில் நின்று ஒருவரிடம் “காக்கா, குளத்தடிக்கு எப்படிப் போற?” என்று கேட்டால் வழி சொல்லிவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று அவரும் கேட்பார். யார் வீட்டுக்கும் வரவில்லை, குளம் பார்க்க வந்தோம் என்றால் சற்று யோசித்துவிட்டு, “அப்ப வெயில் ஏறமுந்திப் போங்க மனே” என்பார்.

இறக்காமம் குளம் பழைய காலத்துக் குளம். கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் விரிந்த தண்ணீரும் தாமரையும் பறவைகளும். மறுபக்கம் அதே தண்ணீரால் பச்சையான வயல். தோணியில் வலை போட்டுவிட்டு வருகிறவர்களிடம் அன்றைய மீன் கிடைக்கும். கடல் மீனுக்குப் பழகிய கல்முனைக்காரர்களிலும் விராலுக்காக இந்தப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. எருமைத் தயிர் முட்டியோடு வாங்கலாம். சுற்றுலா விடுதியும் அறிவிப்புப் பலகையும் தேடுகிறவருக்கு இங்கே அதிகமாக எதுவும் இல்லை. தண்ணீர் எப்படி நிலமாகிறது, நிலம் எப்படி ஊராகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

இந்தக் கட்டில் நிற்கும்போதுதான் மேற்கே இருக்கும் பெரிய அணையின் கதையும் சொல்லப்பட வேண்டும். சுதந்திரம் கிடைத்த மறு வருடமே, 1949இல், டி. எஸ். சேனநாயக்கவின் அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன் நட்சன் அணை கட்டியது. அதன் பின்னால் தேங்கிய சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு சுமார் 95 கோடி கனமீட்டர். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களில் ஒன்று. காடு வெட்டி நாற்பது அளவில் குடியேற்றங்கள் எழுந்தன. இன்றும் பஸ்ஸில் ‘கொலனி’ என்றும் அதன் இலக்கத்தைச் சொல்லியும்தான் டிக்கெட் கேட்கிறார்கள். அம்பாறை நகரமும் அந்தத் திட்டத்தோடு வளர்ந்ததே. 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்துத் தனி மாவட்டமானதும் அதன் தொடர்ச்சி.

அணை வருவதற்கு முன்பே சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் இறக்காமத்திலும் வேளாண்மை இருந்தது. புதிய குடியேற்றங்கள் மேலே வந்தபோது, பழைய விவசாயிகள் பலர் தண்ணீரின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். 1956 ஜூனில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் மீது நடந்த வன்செயல், சுதந்திர இலங்கையின் முதல் இனப் படுகொலைச் சம்பவங்களில் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது.

அதே வாய்க்கால்களில் இன்னொன்றும் நடந்தது. அதை இந்த நாட்டில் போதிய பேர் பேசுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் திட்டத்தில் இளம் பட்டதாரிகள் கிராமங்களில் தங்கி விவசாயிகளை அமைப்பாக்கினார்கள். 1981 சிறுபோகத்தில் சமுத்திரத்தில் தண்ணீர் கால்வாசி அளவுதான். அந்த நேரத்தில் மேலே இருந்த சிங்கள விவசாயிகள் முறைவைத்து மிச்சம்பிடித்து, கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்கு விட்டார்கள். திட்டத்தில் வேலை செய்த அமெரிக்கப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க நீர்ப்பாசனம் படிக்கிற மாணவர்கள் கல்லோயாவை அந்த நூலின் வழியாக அறிகிறார்கள். கல்முனைப் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் வயலுக்கு வரும் தண்ணீரின் இந்த வரலாற்றை எந்த வகுப்பில் அறிகிறார்கள்? ஒரு நாள் பயணத்துக்குக் கொழும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், இந்தக் கரையின் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் களியோடையிலிருந்து இங்கினியாகலை வரை கூட்டிப்போக வேண்டும்.

தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டுமா என்ற சிக்கல் தமிழ்நாட்டின் காவிரிப் படுகையிலும் உண்டு. மேட்டூரில் ஜூன் 12 திறக்கும் தண்ணீர் நாகப்பட்டினத்துக் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஒவ்வொரு வருடமும் அங்கே கவலைப்படுகிறார்கள். ஆற்றின் வாயில் இருப்பவர் எல்லா நாட்டிலும் கடைசி ஆள். வெள்ளத்துக்கு மட்டும் முதல் ஆள்.

பிற்பகலில் அம்பாறை வழியாகச் சம்மாந்துறைக்கு இறங்கினால் தண்ணீரோடு சேர்ந்து கடலை நோக்கித் திரும்பலாம். அறுவடை முடிந்த மாதங்களில் மாவடிப்பள்ளிப் பக்கம் வெட்டிய வயல்களில் யானைக் கூட்டம் நிற்பதைக் காணலாம். மக்கள் கூடி நின்று படம் எடுக்கிறார்கள். யானைகள் வருவது புல்லுக்கு மட்டுமல்ல, குப்பைக்கும்தான். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுத் திறந்த குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. ஆகவே கையில் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பொதியின் உறையைக் கையிலேயே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மாவடிப்பள்ளியிலிருந்து காரைதீவுக்கு வரும் சாலை தாழ்நிலத்தின் ஊடே போகிறது. 2024 நவம்பர் 26 அன்று, பெருவெள்ளத்தில், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை இந்தச் சாலையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மாணவர்கள் பலரும் கூட வந்தவர்களும் திரும்பவில்லை. இந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டு கடக்கும்போது அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு துஆ கேட்காமல் இவ்வூர்க்காரர் யாரும் போவதில்லை. வெள்ளம் வழிந்தோட இடம்விட்டு இந்தச் சாலையின் பாலத்தை உயர்த்துவது, மழை நாட்களில் சாலையை நேரத்தோடு பூட்டுவது ஆகிய இரண்டும் கேட்கப்பட வேண்டியவை. வடிகாலை மூடி வீடு கட்டுவதை நிறுத்துவது அவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது.

எனவே மாரியில் இந்தப் பயணம் வேண்டாம். மாசியில் வெட்டு நடக்கும்போது வரலாம். வைகாசி, ஆனியில் சிறுபோகப் பயிர் பச்சையாக இருக்கும்போது வந்தால் இன்னும் நல்லது. குளத்திலும் தண்ணீர் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடைகள் பூட்டப்படும், சனிக்கிழமை வசதி. காரைதீவுச் சந்தியை அடையும்போது வெளிச்சம் மிச்சம் இருந்தால், ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர் அது என்பதால் சற்று இறங்கலாம். நேரம் இல்லையென்றால் துறைமுகத்தை விடலாம், தூபியையும் அடுத்த முறைக்கு வைக்கலாம். குளத்தடியை விடக்கூடாது. கல்முனையிலிருந்து நேரே சம்மாந்துறை, அம்பாறை வழியாக இறக்காமத்துக்குப் போய், மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்து, அஸருக்குப் பிறகு புறப்பட்டாலும் கொழும்பு பஸ்ஸுக்கு நேரம் தாராளமாகக் காணும். பஸ் ஏறுவதற்கு முன் மருதமுனைத் தறியில் நெய்த சாரம் ஒன்று வாங்கிக்கொள்ளவும் பொழுது இருக்கும்.