எஃப்.ஐ.ஆர். என்னும் இரண்டாவது சாதிச் சான்றிதழ்

ஊர்த் தெருவும் சேரியும் மோதிக்கொண்டால் காவல் நிலையத்தில் இரண்டு எஃப்.ஐ.ஆர். பதிவாகும். ஒன்று, அடிவாங்கியவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த புகார். மற்றொன்று, அதைச் சமன் செய்ய அடித்தவர்களிடம் வாங்கப்படும் எதிர்ப்புகார். முதல் புகார் விசாரணை, சமாதானப் பேச்சு, சாட்சி மிரட்டல் என்று இழுபட்டுத் தேயும். இரண்டாவது புகாரில் சேரியிலிருந்து இருபது பேர் குற்றம்சாட்டப்படுவார்கள். அந்த இருபதில் பத்துப் பேராவது கல்லூரி வயதுப் பையன்களாக இருப்பார்கள்.

இதன் பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கூட்டம் போடுகிறோம், கண்டன அறிக்கை விடுகிறோம், பிணை எடுக்கிறோம். பிணையில் வந்தவன் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் கல்லூரியில் இரண்டாம் பீரியட் நடந்துகொண்டிருக்கும். ஒரு மாதம் கையெழுத்து, அப்புறம் வாய்தா, வருகைப்பதிவு குறைவு, தேர்வு எழுத அனுமதி இல்லை. அவனிடம் டிகிரி இல்லாததற்கு அவன் படிக்காதது காரணமல்ல, வழக்குத்தான் காரணம். நான்கைந்து ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் விடுதலை செய்யும்போது, அவன் பட்டமில்லாத, வழக்குப் பதிவுள்ள, இருபத்தைந்து வயது இளைஞனாக வெளியே நிற்கிறான்.

விடுதலையாகிவிட்டானே, இனி என்ன என்று கேட்கலாம். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளைப் படித்துப் பாருங்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி அதனால் விடுதலை கிடைத்திருந்தாலும், அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது விளக்கக் குறிப்பு. நம் நாட்டு நீதிமன்றங்களில் பெரும்பாலான விடுதலைகள் இந்த இரண்டு வழிகளில்தான் வருகின்றன. ஆக, நீதிபதி விடுவித்தவனைத் தேர்வு வாரியம் மறுபடியும் தண்டிக்கிறது.

தனியாரிடம் நிலைமை வேறு மாதிரி. ஒரகடத்திலோ ஓசூரிலோ தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர் காவல்துறைச் சரிபார்ப்பு அறிக்கை கேட்கிறார். டெலிவரி, கார் ஓட்டும் நிறுவனங்களுக்காகப் பின்னணி சரிபார்க்கும் கம்பெனிகள் இருக்கின்றன. நீதிமன்ற இணையதளங்களில் பெயரைத் தட்டினால் வழக்கு வந்து நிற்கும்; தீர்ப்பு என்னவென்று கடைசிப் பக்கம் வரை படிக்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. விடுதலையானவரின் பெயரை இணையத்திலிருந்த தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 1871இல் வெள்ளை அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்றது. 1952இல் நாடு முழுவதும் அது ஒழிந்தபோது, அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் உட்கார்ந்தன. ரேகை எடுக்கும் பதிவேடு போய் ரவுடிப் பட்டியல் வந்தது. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இருளர், குறவர் குடிசைகளைத் தட்டும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். யார் மீது வழக்கு விழும் என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், வழக்கு இருப்பவனுக்கு வேலை இல்லை என்பது சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்கும் ஏற்பாடு.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாடு சிறைத்துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்தும் ஃபிரீடம் பெட்ரோல் பங்குகளில் சிறைவாசிகள் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டு, காசை எண்ணி வாங்குகிறார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். தண்டனைக் கைதியை நம்பிக் கல்லாவைக் கொடுக்கும் அரசு, விடுதலையானவனைக் கான்ஸ்டபிள் வேலைக்கு நம்ப மறுப்பது ஏன்?

கோபம் இருக்கட்டும். வழக்கைச் சுமந்துகொண்டு பிழைப்பைத் தேடும் இளைஞர்களிடம் நாம் சொல்ல வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. யாரும் சொல்லாததால் நம் பிள்ளைகள் தோற்கும் இடங்கள் அவை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நீதிமன்ற வராந்தாவில் கிடைக்கும் அந்த இலவச ஆலோசனை: “ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு தம்பி, எத்தனை வாய்தாவுக்கு அலைவே?” சில நூறு ரூபாயோடு முடிந்தது என்று அவன் நினைப்பது, சட்டத்தின் பார்வையில் குற்றத் தண்டனை. அது பதிவேட்டில் நிற்கும். சிறிய வழக்கில், உண்மையிலேயே ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றால், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி நடத்தச் சொல்லி வழக்கறிஞர் கேட்க வேண்டும். அதன் 3 அல்லது 4ஆம் பிரிவின்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் சட்டம். எத்தனை வழக்கறிஞர்கள் ஏழைக் கட்சிக்காரனுக்காக இதைக் கேட்கிறார்கள்? சமாதானமாக முடிக்கத்தக்க வழக்கானால் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்வது இன்னும் மேல். அது விடுதலைக்குச் சமம். பதினெட்டு வயதுக்குள் நடந்ததென்றால், சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தகுதியிழப்பைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. தினக் கையெழுத்து வேலையைக் கெடுத்தால் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடலாம்.

விண்ணப்பப் படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்கக் கூடாது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கேள்வி திட்டவட்டமாக இருக்க வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது, அற்பமான வழக்கானால் மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் பல பேர் வழக்கினால் அல்ல, மறைத்ததால் வேலையிழந்தார்கள். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு: பாஸ்போர்ட்டைத் தடுப்பது நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு. வெறும் எஃப்.ஐ.ஆர். அந்தக் கணக்கில் வராது. நிலுவையில் இருந்தாலும் நீதிமன்ற அனுமதி பெற்று எடுக்க வழியுண்டு.

வேலை விஷயத்தில் நம் கருத்து இது. டிகிரியை விட்ட இடத்தில் மறுபடி பிடிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கையில் ஒரு தொழிலும் அதற்கு அரசு முத்திரையிட்ட ஒரு தாளும் வேண்டும். ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கே பிரிவுகள் உண்டு. வயரிங் வேலை தெரிந்து ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. ஏ.சி. மெக்கானிக், வெல்டிங், பிளம்பிங் வேலைக்கு வீட்டுக்காரர் கேட்பது தண்ணீர் ஒழுகுவது நின்றதா என்பதைத்தான். கொத்தனார் கையாளாக நாற்பது வயது வரை கலவை சுமப்பதும் வேலைதான். ஆனால் அதில் நிலைத்த வருமானமில்லை, ஏறிப்போகப் படியும் இல்லை.

சொந்தத் தொழில் என்றால் உடனே முதல் கேள்வி எழும். தாட்கோ இருக்கிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. கல்வித்தகுதி கேட்பதில்லை. ஆனால் மானியம் அரசுடையது, கடன் வங்கியுடையது. பிணைச் செலவுக்கு வட்டிக்கு வாங்கித் தவணை தவறிய குடும்பத்தின் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்து மேலாளர் உதட்டைப் பிதுக்குவார். கடன் கிடைத்தாலும் கடைத்தெருவில் இடம் பிடிக்கும்போது “தம்பி எந்தப் பக்கம்?” என்ற கேள்வி வரும். தொழில் முனைவோராகி முன்னேறுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கடை வாடகைக் கதையைச் சொல்வதில்லை.

அதனால் தனிமனித விடாமுயற்சிக் கதைகளோடு நம்மால் நிற்க முடியாது. பிரிட்டனில் 1974 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: தண்டனைக்குப் பின் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்தால், பல குற்றங்கள் செலவழிந்தவை ஆகிவிடும், பெரும்பாலான வேலைகளுக்கு அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் தண்டிக்கப்பட்டவனுக்கும் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை, விடுதலையானவனுக்கும் இல்லை. விடுதலையில் முடிந்த வழக்கைச் சரிபார்ப்பு அறிக்கையில் காவல்துறை குறிப்பிடக் கூடாது, காவல் பணி விதியிலுள்ள அந்த விளக்கக் குறிப்பை நீக்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளுக்கு ஒன்றிய அரசைக் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையிலேயே முடிக்கலாம். சமூகநீதி ஆட்சி என்று சொல்லிக்கொள்ளும் எந்த அரசிடமும் கேட்கத் தகுந்தவை இவை.

இயக்கங்களுக்கும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பிணை எடுத்ததும் நம் கடமை முடிவதில்லை. குற்றப்பத்திரிகை நகல் வாங்கினார்களா, நிபந்தனைத் தளர்வு மனுப் போட்டார்களா, பையன் கல்லூரியில் தேர்வு எழுதினானா என்று பார்க்க ஊருக்கு ஒருவர் வேண்டும். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் அதே அறையில் வாரம் ஒரு நாள் இதற்கென ஒதுக்கலாம். அங்கே ஐ.டி.ஐ. சேர்க்கை விண்ணப்பமும் வாய்தா தேதியும் ஒரே நோட்டில் எழுதப்படட்டும்.